நாற்பத்தேழு கால்கள்

பஸ்ஸில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்க எல்லாக் கண்டக்டர்களும் தலையை எண்ணுவார்கள். அவர் மட்டும் குனிந்து காலை எண்ணுவார்.

"தல ஏமாத்தும் தம்பி. சீட்டுக்கடியில மூட்டயத் தள்ளிக்கினு ஒருத்தன் குனிஞ்சிருந்தா ஒரு தல கொறஞ்சு போவும். கால் எங்கியும் போவாது. தரையில ஒண்ணு, படியில ஒண்ணு வச்சிக்கினு எவனாவது நிக்கிறானான்னு காலப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். இரண்டு காலும் படிக்கு மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசில் அவர் உதட்டுக்குப் போகும்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவியே, வீட்டுக்கு வருகிறவர்களிடம் "கண்டக்டரு குளிச்சிக்கினு இருக்காரு, உக்காருங்க" என்றுதான் சொல்வார். நானும் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். ஓய்வு பெற்றதும் கெடார் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அவரைப் பற்றி நல்லவிதமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால், "எல்லாரும் ஏறிட்டாங்களா பாரு, அப்பறம் எழுது" என்று சொல்லக்கூடியவர்.

அவர் வண்டி என்றால் கால் மணி நேரம் தாமதம் நிச்சயம். டிரைவர்கள் அவரோடு டூட்டி விழுந்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரு முறை மேம்பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"யோவ், நீ கண்டக்டரா, கல்யாண வூட்டுக்காரனா? ஒவ்வொருத்தரா வாங்க வாங்கன்னு கையப் புடிச்சு இட்டாந்துக்கினு இருக்க. ஜல்தி ரைட் குடுய்யா!"

"அந்தம்மா செருப்பு கழண்டு போச்சு. மாட்டட்டும்."

"ஏறி மாட்டச் சொல்லுய்யா!"

"ஏறி மாட்டுனா ஒத்தக் கால்ல நிக்கணும். உன் பிரேக்குக்கு ஒத்தக் கால்ல நின்னா அது மூஞ்சி ஒடையும்."

வண்டியே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

நானும் ஒரு நாள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை ஏற்றுகிறவர். நான் பரீட்சைக்குப் போகிற நாளில் அவர் மூட்டைக்குப் போகும் முன்பே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அப்படிப்பட்ட ஒரு காலையில் கண்டக்டரின் வண்டி, ஒரு கிழவியின் கூடை கவிழ்ந்து நடைபாதையெல்லாம் கொட்டிய மல்லாட்டையை அவள் பொறுக்கி முடிக்கும்வரை நின்றது. அவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார். பரீட்சை அறைக்குள் நான் ஓடி நுழைந்தபோது வினாத்தாள் கொடுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பாஸாகிவிட்டேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்காக ரொம்ப நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஏன் இப்படி இருக்கிறார் என்று தெருவில் பல கதைகள் உலவின. பல வருஷம் கழித்து அவரிடமே கேட்டேன்.

"கதையும் இல்ல ஒண்ணும் இல்ல. சின்னப் பையனா இருக்கச்சொல்ல அமாவாசைக்கு எங்கப்பாரு மேல்மலையனூருக்கு இட்டுக்கினு போனாரு. கூட்டத்துல என்ன உட்டுட்டு வந்துட்டாரு. மறாநாள் தேடிக்கினு வந்து, கண்டதும் பளார்னு ஒண்ணு உட்டாரு. தொலஞ்சவனும் நான், அடி வாங்கினவனும் நான். இது எந்த ஊரு நாயம் சொல்லு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

காணும் பொங்கலுக்கு ஊரே குடும்பத்தோடு எங்காவது கிளம்பும். அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சுவிட முடியாத டூட்டி. ஆகவே எங்கள் தெருவுக்குக் காணும் பொங்கல், பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் கரும்புச் சக்கையைக் கூட்டி முடித்த பிறகு நாங்கள் புளிசாதம் கட்டுவோம். செஞ்சிக்கு பஸ் ஏறி, கோட்டைக்குள் போகாமல், மலைகளுக்கு நடுவே இருக்கும் காட்டில் நடந்துவிட்டுத் திரும்புவோம். ஏற்பாடு முழுக்க அவருடையது.

"வருசம் பூரா நின்னுக்கினே ஊர் ஊரா போறேன். ஒரு நாளாவது நடந்து போவ வேணாமா?" என்பார்.

அந்தக் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரோ கூடையோடு கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். மூன்று மலைகளையும் சேர்த்துக் கட்டிய மதில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் போகும். இடிந்த இடத்தில் களாச்செடி முளைத்திருக்கும். குழந்தைகளும் நடக்கக்கூடிய ஏற்றம்தான். ஆனாலும் அவர் அதை நான்கு ஸ்டேஜாகப் பிரித்திருந்தார். பஸ்ஸில் கட்டணம் மாறுகிற இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். இங்கே முதல் ஸ்டேஜ் ஆலமரம், இரண்டாவது இடிந்த மதில், மூன்றாவது சுனை, கடைசி ஸ்டேஜ் கூரை பாதி போன மண்டபம். ஒவ்வொன்றிலும் எல்லாரையும் நிறுத்திக் குனிந்து காலை எண்ணுவார். இடுப்புக் குழந்தையின் காலும், அவருடைய காலும் கணக்கில் சேரும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் இரண்டு விசில். அதுவரை முன்னால் ஓடிய பையன்களும் திரும்பி வந்து நிற்க வேண்டும்.

கணக்கு எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். காரணம் எங்கள் தெரு டைலர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போனவர். இன்னொரு காலாலேயே மிஷினை மிதிப்பவர். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு எல்லா வருஷமும் காட்டுக்கு வருவார். மொத்தக் கூட்டமும் அவர் வேகத்தில்தான் நகரும்.

"உன்னால என் கணக்கே ஒத்தையா நிக்கிது" என்பார் கண்டக்டர்.

"கட்டையயும் சேத்து எண்ணு. அது மட்டும் என்னா ஓசியிலயா வருது?" என்பார் டைலர்.

என் அம்மா அந்த நடைக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. நான் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடித்து, கேஸ் ஏதும் உண்டா என்று விசாரிக்கும் வெரிஃபிகேஷனுக்காகக் காத்திருந்த வருஷத்தில்தான் கண்டக்டர் அவளை வாசலில் பிடித்தார்.

"தங்கச்சி, இந்த வருசம் நீயும் வர்ற."

"எங்கண்ணா?"

"காட்டுக்கு."

"காட்டுக்கா? எதுக்கு?"

"நடக்க."

"நடந்து?"

"நடந்துட்டுத் திரும்பி வர்றது."

"என்னா கொண்டார்றது?"

"ஒண்ணும் கொண்டார்றது இல்ல. சும்மா போய்ட்டு வர்றது."

அம்மா உள்ளே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்தாளுக்கு ஒடம்பு சரியில்ல போலருக்குதுடா."

அம்மா பிறந்தது அந்த மலையடிவாரத்துக் குடிசைகளில்தான். கல்யாணம் ஆகும்வரை அந்தக் காட்டில் விறகு பொறுக்கிச் செஞ்சித் தெருக்களில் விற்றவள். காட்டுக்குச் சும்மா போவது என்பது அவளுக்கு, மண்டிக்குப் போய் மூட்டையைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில், அப்பா மண்டிக்குப் போன பிறகு, புளிசாதம் கிளறினாள். கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் இடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றையும் சுற்றியிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு போர்டு இருந்தது. இது காப்புக்காடு, மரம் வெட்டுவதும் விறகு சேகரிப்பதும் குற்றம் என்று வரிசையாக எழுதியிருந்தது. அம்மா என் தோளைத் தொட்டாள்.

"என்னாடா எழுதியிருக்குது?"

பக்கத்தில் வாத்தியார் வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் எதிரில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் போர்டு" என்றேன்.

ஆலமரத்தில் கண்டக்டர் குனிந்து எண்ணினார். "நாப்பத்தேழு. ரைட்." மதிலிலும் நாற்பத்தேழு. அங்கே ஒரு பையன், ராஜா இந்த வழியாகத்தான் போவாரா என்று கேட்டான்.

"ராஜா மலை மேல இருந்தாருடா. இந்தக் கல்லப் பாரு, எவ்ளோ தேஞ்சிருக்குது? ராஜா ஒத்த ஆளு நடந்தா இப்பிடித் தேயுமா? தண்ணி தூக்கினவன், வெறகு தூக்கினவன், சோறாக்கிப் போட்டவன், அவங்க நடந்த நட இது."

அம்மா அந்தக் கல்லைக் காலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தாள். "இதுல நானும் கொஞ்சம் தேச்சிருப்பேண்ணா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வெளியே அம்மா ஒரு பேச்சு பேசி அதற்கு ஆட்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுனையில் நாற்பத்தேழு எண்ணி விசில் கொடுத்த பிறகுதான் அது ஆரம்பித்தது. அம்மாவின் நடை மாறிவிட்டது. கண் பாதையை விட்டு இரண்டு பக்கமும் போனது. ஒரு சுள்ளியை எடுத்தாள். நாலடி தள்ளி இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கயிறு இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"சும்மா கெடந்து மக்குதுடா. உஞ்சக்கட்ட, அடுப்புல வச்சா நின்னு எரியும். வூட்ல வெறகு இல்லாம உமியப் போட்டு ஊதிக்கினு இருக்கேன்."

"தூக்கிக்கினு பஸ்ல எப்டிம்மா வர்றது?"

"கண்டக்டரண்ணன் இருக்காரு இல்ல. நீ போடா, நான் பின்னாலயே வந்துடுறேன்."

நான் போனேன். உதவி செய்யவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. விறகுக்கட்டைச் சுமந்து வரும் அம்மாவோடு மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டாம் என்று வேகமாக நடந்தேன். ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியதும் பின்னால் ஆண் குரல் கேட்டது.

"யம்மா, நில்லு. எறக்கு கட்ட."

எட்டிப் பார்த்தேன். காக்கி உடுப்பில் வனக்காவலர். சின்ன வயதுதான். கையில் நோட்டு.

"காஞ்ச சுள்ளி சார்."

"காஞ்சதோ பச்சயோ. கீழ போர்டு இருக்குது இல்ல? படிக்கத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"யாரு யாரு வந்தீங்க?"

அம்மா கட்டைக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது.

"தனியாத்தான் வந்தேன் சார்."

"எழுதுனா கையெழுத்துப் போட ஆளு இருக்குதா? புருசன், புள்ள யாராவது?"

"யாரும் இல்ல சார். புள்ள இல்ல."

அம்மாவின் மனசில் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது. கேஸ் என்று ஒன்று எழுதி அதில் என் பெயரும் வந்துவிட்டால் வெரிஃபிகேஷனில் வேலை போய்விடும் என்று பயந்தாள். என் மனசிலும் அதேதான் ஓடியது. நான் அந்தப் பாறைக்குப் பின்னால் முப்பது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு சத்தம் வராமல் கால் வைத்து மண்டபத்துக்கு நடந்துவிட்டேன்.

இப்போது நான் காவல் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விசாரணைக்கு வருகிற பெண் யாராவது தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னால், எழுந்து போய் வாசலுக்கு வெளியே ஒரு முறை பார்த்துவிட்டு வந்துதான் எழுத ஆரம்பிக்கிறேன்.

மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. தூக்குப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. கண்டக்டர் குனிந்து எண்ணிக்கொண்டே வந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து எண்ணினார்.

"நாப்பத்தஞ்சு. ரெண்டு கால் கொறையுது. யாருது?"

எல்லாரும் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கால்களை ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் செருப்புக்கு முன்னால் நின்றார்.

"அம்மா எங்கப்பா?"

"பின்னால வர்றாங்க."

"பின்னாலன்னா எவ்ளோ பின்னால?"

நான் மறுபடி தூணைப் பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கேள்வி கேட்கவில்லை.

"எல்லாரும் எழுந்திரிங்க. திரும்பிப் போறோம்."

"கண்டக்டரே, பசங்க பசியில இருக்குதுங்க. நீங்க போய் இட்டுக்கினு வாங்க. நாங்க சாப்பாட்ட ஆரம்பிக்கிறோம்" என்றார் வாத்தியார் வீட்டம்மா.

"பாதி வண்டிய இங்க நிறுத்திட்டு பாதி வண்டிய ஓட்டிக்கினு போவ முடியுமாம்மா? ஸ்டேஜ் இன்னும் க்ளோஸ் ஆவல. பாத்திரத்தத் தூக்குங்க."

"பேஜாருய்யா உன்னோட. ஏறி வந்தத எறங்கணுமா?" என்று டைலர் முனகினார். ஆனால் முதலில் கட்டையை ஊன்றி எழுந்தவர் அவர்தான்.

அப்படியாக ஜமுக்காளத்தைச் சுருட்டி, சோற்றைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு, மொத்தக் கூட்டமும் வந்த வழியே இறங்கியது. நான் நடுவில் எங்கோ வந்தேன். அன்றைக்கு அவர் மட்டும் தனியாகப் போயிருந்தால் நான் மண்டபத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். சத்தியமாகச் சாப்பிட்டிருப்பேன்.

பாறைத் திருப்பத்தில் அம்மா கட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வனக்காவலர் இத்தனை பேரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா இது, ஊரே வருது?"

"எங்க வண்டி ஆளு சார் இவங்க" என்றார் கண்டக்டர்.

"தனியா வந்தேன்னு சொல்லிச்சே. பேரக் கேட்டா வாயத் தொறக்கல."

"பயந்துக்கினு சொல்லியிருப்பாங்க. இருபத்தி நாலு பேரு வந்தோம் சார். பசங்களுக்குக் காட்டக் காட்டலாம்னு."

வாத்தியார் வீட்டம்மா என்னைப் பார்த்து வாயெடுத்தார். டைலரின் கட்டை தற்செயலாக அவர் புடவை நுனி மேல் ஊன்றியது. "யோவ், பொடவ!" என்றதோடு அந்தப் பேச்சு நின்றது.

"யாரா இருந்தாலும் சரி. வெறகு எடுத்தது தப்பு. எழுதித்தான் ஆவணும்."

கண்டக்டர் கெஞ்சவில்லை. தப்பில்லை என்றும் சொல்லவில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் பேசுகிற குரலில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:

"தப்புதான் சார். ஆனா எங்க வேலையில ஒரு சட்டம் இருக்குது. டிக்கெட் வாங்குன ஸ்டேஜத் தாண்டுனாத்தான் பைன். தாண்டறதுக்கு முன்னால எந்த இன்ஸ்பெக்டரும் பைன் போட முடியாது. இந்த வெறகு இன்னும் காட்டத் தாண்டல. காட்டுக்குள்ளதான் சார் இருக்குது."

வனக்காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டார்.

"அப்ப எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வைக்கச் சொல்லுய்யா! ஒண்ணு பாக்கி இல்லாம!"

"வெச்சிடலாம் சார்" என்றார் கண்டக்டர். "தங்கச்சி, எந்தெந்தக் குச்சி எந்தெந்த எடம்னு ஞாபகம் இருக்குதா?"

அம்மா முதல் முறையாக நிமிர்ந்தாள். "ஏன் இல்லாம? கையால எடுத்தது."

அம்மா கட்டைப் பிரித்தாள். ஆளுக்கொரு குச்சி. இடுப்புக் குழந்தையின் கையில்கூட ஒரு சுள்ளி. அம்மா முன்னால் நடந்தாள். அவள் பின்னால் நாங்கள் எல்லாரும், எங்களுக்குப் பின்னால் நோட்டோடு வனக்காவலர்.

"இது வெப்பால. ஒடிச்சா பால் வரும், காஞ்சது வராது. அந்தக் கல்லு மேல சாச்சு வை கண்ணு. இது சூர, முள்ளு பாத்துப் புடி. இது காரைச்செடி. அது அங்க இல்லப்பா, இன்னும் தள்ளி, எறும்புப் புத்துக்கு இந்தாண்ட."

பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாத்தியார் வீட்டம்மா, "இதுதான் வெப்பாலையா? இத்தன நாள் எண்ணெயில போட்டு தலைக்குத் தேய்க்கிறேன், மரத்தப் பாத்ததில்ல" என்றார். ஒரு கட்டையைப் பார்த்து, "இது பட்ட மரமாம்மா?" என்று வனக்காவலரே கேட்டார். "இல்ல சார், இடி உழுந்தது. கருக்குப் பாரு" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். நாலு வருஷமாக நடந்து வந்து நடந்து வந்து ஒரு மண்டபத்தையும் ஒரு சுனையையும்தான் நாங்கள் பார்த்திருந்தோம். காட்டை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

எல்லாருக்கும் கொடுத்து வந்தவள், கடைசியில் என்னிடம் வந்தாள். வனக்காவலர் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மா ஒரு குச்சியை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இந்தாங்க தம்பி. இத அந்தப் பாறயாண்ட வச்சிடுங்க."

என்னை வாழ்நாளில் அவள் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. 'புள்ள இல்ல' என்று வனக்காவலரிடம் சொன்ன சொல்லை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் தூரத்தில் டைலருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அதுவரை, நான் யார் பிள்ளை என்பதை அவர் வனக்காவலரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்வதற்கு எனக்கே இடம் விட்டு வைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"அம்மா" என்றேன்.

வனக்காவலர் திரும்பினார்.

"நல்ல பையன் சார்" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "எல்லாரயும் அம்மான்னுதான் கூப்புடும்."

"இல்ல சார். என்னப் பெத்தவங்க. கீழ இருக்கிற போர்ட நான் படிச்சேன். என்னான்னு கேட்டாங்க, நான் சொல்லல. நீங்க புடிச்சப்ப அந்தப் பாறைக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன். எழுதறதுன்னா எம் பேர எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

"பாவி, வேல போயிடும்டா" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வனக்காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழுதறதுக்கு இனி இன்னா இருக்குது? உங் கையில ஒரு குச்சி இருக்குது. அதயும் வச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன்.

மண்டபம்வரை திரும்ப ஏற யாருக்கும் காலில் தெம்பில்லை. அங்கேயே நிழலில் ஜமுக்காளத்தை விரித்தோம். மணி மூன்றாகியிருந்தது. வனக்காவலரையும் உட்கார வைத்துவிட்டார்கள். கண்டக்டர் குனிந்து எண்ணி முடித்துத் தலையாட்டிய பிறகு பாத்திரங்கள் திறந்தன. அவர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியாக ஒரு இலையை எடுத்துக்கொண்டு மர வேரில் உட்கார்ந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"சார், நான் அங்க..."

"அம்மா சாப்ட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்பறம் எங்கிட்ட வந்து நின்னுக்கினு இருக்க?"

அம்மா கொஞ்சம் தள்ளி, ஒரு தட்டைப் பாறையில் தனியாக உட்கார்ந்து, பாத்திரத்தைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். பாறை ஒரு ஆள் உட்காரத்தான் இருந்தது. நான் பக்கத்தில் போனதும், திரும்பிப் பார்க்காமலே, நகர்ந்து இடம் விட்டாள்.